மின்னாத மஞ்சள் சட்டை

கண்ணு,

போன வாரம் நீ போனில் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "பாக்கலாம் கண்ணு" என்று சொல்லிவிட்டு, பஸ் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று வைத்துவிட்டேன். பஸ்ஸும் இல்லை, சத்தமும் இல்லை. கம்பெனியில் செக்கிங் மேசைக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். நீ கேட்டது சின்ன விஷயம். அவிநாசிப் பக்கம் நீ தொடங்கப்போகிற குதிரைப் பயிற்சிக்குப் பதினைந்து குழந்தைகள் சேர்ந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர்களை ஊர்ச் சாலையில் கூட்டிப்போகப் போகிறாய். அவர்களுக்குப் போட்டுவிட மஞ்சள் சட்டை வேண்டும். "அன்னைக்கு எனக்குக் குடுத்தீங்கல்லங்கப்பா, அதே சட்டைங்க. உங்க ரிஜெக்ட் மூட்டையில சும்மாதான கெடக்கும்? அதுதானுங்க என் உசுரக் காப்பாத்துச்சு" என்றாய்.

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை உட்கார வைத்தது. அந்தச் சட்டை உன் உயிரைக் காப்பாற்றவில்லை. காப்பாற்றியது என்று நான்கு வருஷமாக உன்னையும் உன் அம்மாவையும் ஊரையும் நம்ப விட்டவன் நான். அதே சட்டையை இனிப் பதினைந்து குழந்தைகளுக்கு மாட்டப்போகிறாய் என்று தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனே இல்லை. நேரில் சொல்ல இரண்டு தடவை கிளம்பினேன். அவிநாசி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்ததுதான் மிச்சம். அதனால் எழுதுகிறேன். இதை உறைக்குள் போட்டு ஒட்டவும் இல்லை. நான் பொய் சொன்னது பத்துப் பேர் முன்னால். இதையும் பத்துப் பேர் படிக்கட்டும். பாதியில் கோபம் வந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியைப் படி.

என் பிழைப்பே குறை கண்டுபிடிப்பதுதான். மேசையில் வந்து விழும் ஒவ்வொரு துணியிலும் தையல் விட்டிருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, கல்யாண வீட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளையின் காலரைத்தான் முதலில் பார்ப்பேன். கப்பலேறும் துணியில் ஒரு நூல் தொங்கினால் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் கம்பெனி கேட்டைத் தாண்டியதும் அதே கண் மூடிக்கொள்ளும். நம் வீட்டில் நாம் போட்டதெல்லாம் கப்பலேறாத துணி. கை ஒரு நிறம், உடம்பு ஒரு நிறமாக இருந்த டி-ஷர்ட்டில் நீ பள்ளிக்கூடச் சுற்றுலா போனாய். ஒரு பனியனுக்குக் கழுத்தைச் சின்னதாகத் தைத்துவிட்டார்கள். அதை மாட்டும்போதெல்லாம் காது சிக்கிக்கொண்டு நீ கத்துவாய், நான் சிரித்துக்கொண்டே இழுப்பேன். "ஊட்டுக்கு இது போதும்டா" என்பேன். திருப்பூரைச் சுற்றி இந்த வார்த்தையைச் சொல்லாத வீடு எது? என் அப்பாவும் கெட்டிப் பாலையெல்லாம் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, பாத்திரத்தை அலசிய பாலில்தான் எங்களுக்குக் காப்பி போடச் சொல்வார். நல்லதை வெளியே அனுப்புவது கெட்டிக்காரத்தனம், தேறாததை வீட்டுக்குக் கொண்டுவருவது சிக்கனம் என்றுதான் வளர்ந்தோம். பனியன் விஷயத்தில் அதில் பெரிய தப்பும் இல்லை. கழுத்து சின்னதாக இருந்தால் காது வலிக்கும், அவ்வளவுதான்.

நீ அந்தியூர்ச் சந்தையிலிருந்து செவலைக் குதிரையை ஓட்டிக்கொண்டு வந்த வருஷம்தான் எங்கள் கம்பெனிக்கு அந்த ஆர்டரும் வந்தது. வெளிநாட்டில் குதிரை ஏறுகிறவர்கள் சாலைக்கு வரும்போது போடுகிற கையில்லாத சட்டை. கண்ணைக் குத்துகிற மஞ்சள், நெஞ்சிலும் முதுகிலும் வெள்ளிப் பட்டை, மெதுவாகத் தாண்டிப் போகச் சொல்லி முதுகில் இங்கிலீஷ் எழுத்து. குதிரையின் காலுக்குக் கட்டவும் அதே பட்டை. "குதிரைக்குக் கொலுசு தெக்கறமுங்க" என்று தையல் லைன் முழுக்கச் சிரிப்பு. சாம்பிள் பார்க்க வந்த வெளிநாட்டு அம்மா சிரிக்கவில்லை. வண்டி ஓட்டுகிறவன் முதலில் ஏதோ மஞ்சளாகத் தெரிகிறது என்று பார்ப்பான், அப்புறம் அது குதிரை என்று புரிந்துகொள்வான், அப்புறம்தான் காலை பிரேக்குக்குக் கொண்டுபோவான், இந்த மூன்றுக்கும் அவனுக்கு நேரம் கொடுப்பதுதான் இந்தச் சட்டையின் வேலை என்று அந்த அம்மா விளக்கிச் சொன்னார். நல்ல பகலிலும் போடாமல் ஏறமாட்டாராம். எனக்கு அது மனசில் பதிந்தது. நீ வேலைக்குப் போகுமுன், விடிந்தும் விடியாமலும், சாமளாபுரம் குளத்துப் பக்கம் செவலையை ஓட்டிக்கொண்டு போகிறவன். அந்த நேரத்தில்தான் கறிக்கோழி லாரிகளும் கம்பெனி வேன்களும் பறக்கும். உனக்கு ஒரு சட்டை வேண்டும் என்று அன்றே நினைத்தேன். நினைத்தது அக்கறைதான் கண்ணு, அதில் கலப்படம் இல்லை. கொண்டுவந்ததில்தான் கலப்படம்.

அந்தச் சட்டைக்கு இரண்டு வேலை. மஞ்சள் துணி பகல் வெளிச்சத்துக்கு. இருட்டிலும் பனியிலும் அது வெறும் துணி. வண்டி விளக்குக்குப் பதில் சொல்வது வெள்ளிப் பட்டை மட்டும்தான். அந்த ஆர்டரில் ஒரு லாட் பட்டை கெட்டுப்போய் வந்துவிட்டது. புதிதில் பளிச்சென்று மின்னும். நான்கைந்து தடவை துவைத்தால் செத்துவிடும். செத்தது கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் கொடுமை, பார்த்தால் அதே வெள்ளி நிறம்தான். அதைக் கண்டுபிடிக்கத் துவைத்த பிறகு கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, டார்ச்சைப் புருவத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். நல்ல பட்டை மூஞ்சியில் அடிக்கும். கெட்டது சாம்பலாகக் கிடக்கும். அந்த லாட்டைப் பிடித்தவன் நான்தான். உயிர்க்காப்புத் துணி தேறவில்லை என்றால் கடைக்குப் போகக் கூடாது, ஆளுக்குப் போகக் கூடாது, கத்திரியால் வெட்டித்தான் போட வேண்டும். வெட்டும்போது பக்கத்தில் நின்று கையெழுத்துப் போடுவதும் என் வேலை. நின்றேன். போட்டேன். போடுமுன் ஒன்றை மடித்து டிபன் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஏன் எடுத்தேன் என்று நான்கு வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நல்லதில் ஒன்றை முதலாளியிடம் கேட்டிருந்தால் தந்திருப்பார். எனக்குக் கேட்கவே தோன்றவில்லை. நல்லது கப்பலுக்கு என்று கை பழகியிருந்தது. உன்னிடம் கொடுத்தபோது, "ஏனுங்கப்பா, இது ரிஜெக்ட்டுங்களா?" என்று கேட்டாய். "துவைச்சாக் கொஞ்சம் மங்குமாம். ஊட்டுக்கு இது போதும்டா" என்றேன். நீ போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாய். குதிரை வேர்வை நாற்றம் என்று உன் அம்மா அதைத் தினமும் மெஷினில் போட்டாள். அவளுக்கு என்ன தெரியும்? மெஷின் சுற்றும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் பேப்பர் படித்திருக்கிறேன். தெரிந்தவன் நான். ஒரு நாள்கூட எழுந்து போய் டார்ச் அடித்துப் பார்க்கவில்லை.

மார்கழியில் அது நடந்தது. குளத்து வளைவில் பனி. வேலைக்கு ஆள் ஏற்றக் காலி வேனை ஓட்டிக்கொண்டு ஒருவர் பின்னால் வந்தார். செவலையின் பின்னங்காலில் இடித்தது. நீ உழுது போட்டிருந்த காட்டில் விழுந்தாய், அந்த மண்தான் உன்னைத் தாங்கியது. தொடை எலும்பு முறிந்தது. செவலை மத்தியானம் வரை மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தாள். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாதது அதற்குப் பிறகு நடந்தது. உன்னை ஆபரேஷனுக்குக் கொண்டுபோனதும், நீ போட்டிருந்த துணியை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். நான் அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி பாத்ரூமுக்குள் போனேன். கதவைத் தாழிட்டேன். விளக்கை அணைத்தேன். போன் டார்ச்சைப் புருவத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். ஒன்றுமே இல்லை கண்ணு. பட்டை எங்கே இருக்கிறது என்று கையால் தடவித்தான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் கம்பெனிக்குப் போய், பாய்லருக்கு விறகு போடுகிறவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அந்தச் சட்டையை உள்ளே தள்ளினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதைச் செய்தேன். உனக்காகப் பயந்து செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். வெட்ட வேண்டிய சட்டையை மகனுக்குப் போட்டுவிட்டவன் என்று பெயர் வந்துவிடுமே என்று பயந்தேன். இருபத்தேழு வருஷம் ஒரு பீஸ் திரும்பி வராமல் பார்த்துக்கொண்டவன் என்று கம்பெனியில் எனக்கு ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் காப்பாற்றத்தான் எரித்தேன்.

வேன் ஓட்டியவர் ஞானராஜ். தெற்கே திசையன்விளைப் பக்கத்துக்காரர், பிழைக்க வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. மனைவிக்குப் பனியன் கம்பெனியில் தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடிப்பு வேலை. ஸ்டேஷனில் அவரை நிற்க வைத்திருந்தார்கள். "ஆண்டவர் சத்தியமா எதுவும் மின்னல சார். மஞ்சளும் தெரியல, ஒண்ணும் தெரியல. கிட்டக்க வந்த பொறவுதான் குதிரை வாலக் கண்டேன். கண்டிருந்தா மிதிச்சிருக்க மாட்டேனா?" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். எஸ்.ஐ. என்னைப் பார்த்து, "பையன் போட்டிருந்த சட்டை எங்கீங்க?" என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் வெட்டிப் போட்டுவிட்டார்கள் என்றேன். பையிலிருந்து ஒன்றை எடுத்து மேசையில் வைத்தேன். கப்பலுக்குப் பெட்டி கட்டி வைத்திருந்த நல்ல லாட்டில் ஒன்று. "இதே மாதிரிதானுங்க" என்றேன்.

எஸ்.ஐ. ஜன்னலைச் சாத்தச் சொல்லி, டார்ச்சைத் தூக்கிப் பிடித்து அடித்தார். அறையே வெளுத்துவிட்டது. நின்றிருந்தவர்கள் "அடேங்கப்பா" என்றார்கள். "இது மின்னலைன்னு சொல்றயா? கண்ணு இருக்குதா, இல்ல தூங்கிட்டு வந்தயா?" என்று கேட்டார்கள். ஞானராஜ் அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதுவரை கைநீட்டிப் பேசிக்கொண்டிருந்த மனுஷன் கையைக் கீழே போட்டார். "பாக்கலியே" என்று மட்டும் தனக்குள் சொன்னார். பொய் சொல்கிறவன் மாட்டிக்கொண்டால் அவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், என் லைனில் தினமும் பார்க்கிறேன். அவர் முகம் அப்படி இல்லை.

பத்து நாள் கழித்து அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார், ஞாபகம் இருக்கிறதா? சாத்துக்குடிப் பையோடு கதவருகே நின்றார். நீ காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தாய். "கண்ணு தெரியாதவனுக்கு எதுக்குடா லைசென்ஸு?" என்று கத்தினாய். செவலை போன வலியில் கத்தினாய், உன் மேல் தப்பில்லை. கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேனே, அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். உன் அம்மா அழுதுகொண்டே, "இத்தன மின்னற சட்டையப் போட்டுமே இப்பிடி ஆயிருச்சே, போடாட்டி என் பையன் இருந்திருக்கவே மாட்டானே" என்றாள். அன்றிலிருந்து நம் சொந்தபந்தத்தில் அதுதான் கதை. சட்டை காப்பாற்றியது, டிரைவர் குருடன். கேட்கிறவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்து, பையனுக்கு எடுத்துக் கொடுத்தது நல்லதாகப் போயிற்றுங்க என்பார்கள். நானும் தலையாட்டுவேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சரியில்லை கண்ணு. முதல் ஆறு மாதம்தான் குறுகுறுக்கும். அப்புறம் பழகிவிடும். அதுதான் அதில் பயங்கரம்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பெட்டி வரும். பதினெட்டுச் சட்டை இருக்கிறது, மூன்று கூடுதல். முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கேட்டு வாங்கிய கப்பல் சரக்கு. அவர் என்னைப் பார்த்த பார்வையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. குதிரைக் காலுக்கான பட்டையும் வைத்திருக்கிறேன், அதைக் கட்டாமல் விடாதே. மேலும் கீழும் அசைகிற கால் தெரிந்தால்தான் தூரத்தில் வருகிறவனுக்கு அது போஸ்ட் இல்லை, உயிருள்ள குதிரை என்று புரியும். குழந்தைகள் முதுகில் பை மாட்ட விடாதே, பட்டை மறைந்துவிடும். வெயில்தானே என்று எந்தக் குழந்தையும் கழற்றக் கூடாது, புளியமர நிழலுக்குள் குதிரை நுழைந்தால் வெயிலிலிருந்து வருகிறவன் கண்ணுக்கு அது இருட்டு. கையால் அலசு, மெஷினில் போடாதே. வாரம் ஒரு தடவை கதவைச் சாத்திக்கொண்டு, டார்ச்சைப் புருவத்தில் வைத்து, ஒவ்வொன்றாக நீயே பார். மின்னாததைக் கத்திரியால் வெட்டு. துடைக்க ஆகும், கொல்லைப்புறத்துப் பொடக்காலிக்கு ஆகும் என்று எதையும் மூலையில் எடுத்து வைக்காதே. நம் ரத்தத்தில் அந்தப் புத்தி இருக்கிறது. பனி இருந்தால் சட்டை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அன்றைக்குச் சாலையே வேண்டாம்.

போன ஞாயிறு காலையில் நான் ஞானராஜைத் தேடிக்கொண்டு போனேன். பல்லடம் தாண்டி ஒரு கோழிப்பண்ணையில் தீவன மூட்டை தூக்குகிறார். கேஸ் முடிந்து லைசென்ஸ் திரும்பக் கிடைத்தும் வண்டியைத் தொடவில்லையாம். பண்ணைக்குப் பின்னால் ஓட்டு வீடு. என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "வாங்க சார், பையன் கால் எப்படி இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டிபன் பை, மெஷின், பாத்ரூம், பாய்லர், ஸ்டேஷனில் காட்டிய சட்டை. அவர் மனைவியும் வாசலுக்கு வந்து நின்று கேட்டார். அவர் மனைவிதான் முதலில் வாய் திறந்தார். "நாலு வருசமா இவுக ரோட்டத் தாண்டணும்னா என் கையப் பிடிச்சுக்கிட்டுத் தாண்டுதாவ சார். பிள்ளைய பைக்குல வச்சுக் கூட்டிட்டுப் போவ மாட்டாவ. மூணு கண்ணாஸ்பத்திரி பாத்தாச்சு. ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்தாலும் நம்ப மாட்டேங்காவ. நீரெல்லாம் ஒரு மனுசனா?" என்று கேட்டார். கேட்டது சரி. திட்டட்டும், அடிக்கட்டும் என்றுதான் போயிருந்தேன்.

ஞானராஜ் திட்டவில்லை. எதிரே தெரிந்த தென்னந்தோப்பையும் அதற்கு அந்தப் பக்கம் சாலையில் போகிற வண்டிகளையும் பார்த்தார். என்னிடம் திரும்பி, ஒரு குழந்தை கேட்பது போலக் கேட்டார். "அப்போ எங் கண்ணு நல்லாத்தான் இருந்திருக்கு, என்ன சார்?"

ஆமாம் என்றேன். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர்தான் தண்ணீர் கொடுத்தார். வரும் திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுக்கப்போகிறேன். அவரும் வருகிறார். எனக்கு என்ன வந்தாலும் வரட்டும், நீ அதைத் தடுக்க வராதே. ஆனால் அதற்கு முன்னால், பெட்டி வந்து சேர்ந்ததும், நீ ஒரு தடவை பல்லடம் போக வேண்டும். நான் சொன்னதை அவர் பாதிதான் நம்பியிருக்கிறார். ஒரு தடவை பொய் சொன்ன வாய், அவரைச் சொல்லி என்ன? இடித்த அன்றைக்கு அந்தக் குதிரை மேல் இருந்தவன் நீ. கண் தெரியாதவன் என்று அவரைச் சொன்னவனும் நீ. அவர் வீட்டு வாசலில் நின்று, "உங்க மேல தப்பில்லீங்கண்ணா, என்னைய யாருனாலயும் பாத்திருக்க முடியாதுங்க" என்று உன் வாயால் சொல். என்னைப் பற்றி என்ன நினைக்க வேண்டுமோ, அதை அங்கிருந்து திரும்பி வரும் வழியில் நினைத்துக்கொள்.

அப்பா